தபால்காரன் கையில் ஒரு நட்சத்திரம்

கண்ட்ரோல் ரூம், மலை மேல்
மார்ச் 4

குண்டூசிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு நான்கு கடிதம் போட்டாயிற்று. நீ இங்கிருந்து போய் ஒன்பது வருஷம் ஆகிறது, ஒன்றுக்காவது பதில் உண்டா? அதனால் இந்தக் கடிதம் உனக்காக இல்லை. பெரியம்மாவுக்காக எழுதுகிறேன்.

ஆமாம், பெரியம்மா இன்னும் இருக்கிறாள். பீரோ சைஸ் கம்ப்யூட்டராக அதே மூலையில் நின்றுகொண்டு, அதே பழைய யூனிக்ஸ் சிஸ்டத்தை ஓட்டிக்கொண்டு, சின்ன ஆன்டெனா பிடித்துத் தரும் டிக்டிக்கின் துடிப்பை டேப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். பெரிய ஆன்டெனாவுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. டிக்டிக்குக்கு மட்டும் இவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீயும் நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோமே, அந்த நட்சத்திரத்தை இவள் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

ஜனவரியிலிருந்து அவளுக்கு உடம்பு சரியில்லை. முதலில் மந்தமாகிறாள். கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது ஸ்க்ரீனில் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது. பிறகு ஒரேயடியாக உறைந்து நிற்கிறாள். திட்டினாலும் கெஞ்சினாலும் அசைவதில்லை. வேறு வழியில்லாமல் ஆஃப் செய்து ஆன் செய்வேன், குளித்துவிட்டு வந்தவள் மாதிரி பளிச்சென்று ஆகிவிடுவாள். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. போன வாரமும் அப்படித்தான் ஆனது.

ஜனவரியில் புது டைரக்டர் வந்திருக்கிறார். நல்ல மனுஷர், கெட்டிக்காரர், பொறுமை மட்டும் கிடையாது. "இன்னொரு தடவ ஹேங் ஆச்சுன்னா நிறுத்திடலாம்மா. அந்தச் சின்ன ஆன்டெனாவ வேற வேலைக்குக் குடுத்துடலாம். ஒரே நட்சத்திரத்த எத்தன வருஷம்தான் கேட்டுக்கிட்டே இருக்கறது?" என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை ஹேங் ஆனால் டிக்டிக் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

பெரியம்மாவின் வயிற்றுக்குள் ஓடுவதெல்லாம் நீ எழுதிய புரோகிராம். உன்னை விட்டால் அவள் நாடியைப் பிடித்துப் பார்க்க ஆள் இல்லை. போன் பண்ணலாமே என்பாய். ஆன்டெனா பக்கம் செல்போன் கூடாது என்ற சட்டம் மாறவில்லை. டைரக்டர் ரூம் போனில் பேசினால் என் குரலுக்கு மலையே கேட்கும். அதோடு நீ எடுக்கவும் மாட்டாய்.

இப்படிக்கு,
டமாரம்

பி.கு.: கிளம்பிப் போன அன்று பெரியம்மாவின் பக்கத்திலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாயே, அது எங்கே? அன்றிலிருந்து டிக்டிக்கின் சத்தத்தை இங்கே யாரும் காதால் கேட்டதில்லை.


மார்ச் 5

டமாரத்துக்கு,

உன் வேன் டிரைவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "பதில் வாங்காம வரக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவி அவருக்கு டீ கொடுத்திருக்கிறாள். அவர் குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: இனிமேல் ஆஃப் செய்யாதே. எவ்வளவு மந்தமானாலும் சரி. ஆஃப் செய்தால் நோய் போகும், நோய்க்குக் காரணமும் கூடவே போய்விடும்.

நீ சொல்வதைப் பார்த்தால் மெமரி கசிகிறது. ஒவ்வொரு புரோகிராமும் வேலை செய்ய மெமரியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டே இருக்கிறது, தருவதே இல்லை. கடைசியில் மற்றவர்கள் நிற்க இடமில்லாமல் எல்லோரும் உறைந்து போகிறார்கள்.

தினமும் காலையில் பி.எஸ். கமாண்டைக் கொடு. ஓடும் புரோகிராம் எல்லாம் வரிசையாக வரும், பக்கத்தில் அது அடைத்திருக்கும் இடம் வரும். யார் நாளுக்கு நாள் குண்டாகிறார்கள் என்று மட்டும் பார். எதையும் தொடாதே. உனக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

டீ முடிந்துவிட்டது.

குண்டூசி


கண்ட்ரோல் ரூம்
மார்ச் 18

அடியே குண்டூசி,

பதில் போட்டுவிட்டாய்! எழுத்து அப்படியே இருக்கிறது, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி. வேன் டிரைவர் கையில் கடிதத்தைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

குண்டாகிறவனைக் கண்டுபிடித்துவிட்டேன். நான் சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் ஒல்லியாகத்தான் இருக்கிறார்கள். டேப்பில் எழுதுபவன் யோக்கியன். ஆன்டெனாவைத் திருப்புபவனும் யோக்கியன். உப்பிக்கொண்டே போகிறவன் யார் தெரியுமா? நம் தபால்காரன்! டிக்டிக்கின் ஒவ்வொரு துடிப்பும் வந்த நேரத்தைக் கட்டுக் கட்டாகக் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆன்டெனாக்காரர்களுக்கு அனுப்ப நீ எழுதினாயே, அந்தச் சின்னப் புரோகிராம். எலிக்குட்டி மாதிரி இருந்தவன் இப்போது பெரியம்மாவின் மெமரியில் பாதிக்கு மேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறான்.

கில் கமாண்டைக் கொடுத்து அவனை முடித்துவிடட்டுமா? அவள் மறுபடி மந்தமாக ஆரம்பித்துவிட்டாள். டைரக்டர் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "உனக்கு நான் முக்கியமா அந்த நட்சத்திரம் முக்கியமா?" என்று கேட்டார். நான் யோசித்தேன். யோசித்ததைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

ஒன்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மிஷினைப் பற்றி எழுதினால் டீ ஆறுவதற்குள் பதில் வருகிறது. என் அம்மா போய்ச் சேர்ந்ததை எழுதினேனே, அதற்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? அம்மா உன்னை எத்தனை தடவை விசாரித்திருப்பாள்? அன்றைக்கு அழுததைவிட, ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெறுங்கையோடு வந்த வேனைப் பார்த்துத்தான் அதிகம் அழுதேன். சொல்லிவிட்டேன். இனி நீ வேலையைப் பார்.

டமாரம்


மார்ச் 19

டமாரத்துக்கு,

கில் கொடுத்தாயானால் மலைக்கு வந்து உன் கையை ஒடிப்பேன்.

இன்று டிரைவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார், தம்பி மனைவி விட மாட்டேன் என்கிறாள். அதனால் நேரம் இருக்கிறது.

தபால்காரன் திருடன் இல்லை. அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறான். ஒரு கட்டை அனுப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வரும்வரை அதன் நகலை மெமரியில் வைத்திரு, தூக்கி எறியாதே என்று அவனுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். கடலுக்கு அப்பால் போவது, வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டாமா? அதில் தப்பு எதுவும் இல்லை, இன்று எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன். அப்படியென்றால் அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்வதில்லை. அந்த ஆன்டெனா இன்னும் இருக்கிறதா என்று டைரக்டரிடம் கேள்.

இரண்டாவது: பதில் நின்றது எப்போதாக இருந்தாலும், ஹேங் ஆவது ஜனவரிக்குப் பிறகுதான். ஜனவரியில் எதை நிறுத்தினீர்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தூசி தட்டுவதை நிறுத்தியிருப்பீர்கள். வாரா வாரம் நான் பெரியம்மாவை ஆஃப் செய்து, ஃபில்டரைத் தட்டி, டேப்பில் எழுதும் தலையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மறுபடி ஆன் செய்வேன். நீயும் அதையே தொடர்ந்திருப்பாய். ஆஃப் செய்யும் ஒவ்வொரு தடவையும் தபால்காரனின் பையும் காலியாகிவிடும். அது ஒரு வாரத்துக்கு மேல் நிரம்பி யாரும் பார்த்ததே இல்லை.

அப்படியானால் இன்னொரு கவலையும் இருக்கிறது. துடைக்காத டேப்பின் தலை இப்போது என்ன கதியில் இருக்கும்? உடனே பார்.

எது நடந்தாலும், தபால்காரனின் பையில் இருப்பதை முதலில் டிஸ்க்கில் இறக்கி வை. அதற்கு ஜிகோர் என்று ஒரு கமாண்ட், பின்னால் அவனுடைய நம்பர். தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். டிஸ்க்கில் பழைய குப்பை எதையாவது அழித்து இடம் பண்ணிக்கொள். இறக்கி முடித்த பிறகுதான் ஆஃப்.

ஏன் எழுதவில்லை என்று நீ கேட்டதற்கு: எனக்கு வர வேண்டிய பதவி உனக்குப் போனதில் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நோட்டீஸ் போர்டு சொல்லி நான் தெரிந்துகொண்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீ சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அதுதான் தொண்டையில் மாட்டிய முள். இத்தனை வருஷமும் இறங்கவில்லை.

குண்டூசி


கண்ட்ரோல் ரூம்
ஏப்ரல் 1

என் குண்டூசி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நடந்ததை வரிசையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன். வாய் முந்துகிறது.

நீ சொன்னது அத்தனையும் சரி. கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் போன வருஷமே கடையைக் கட்டிவிட்டார்களாம். டைரக்டர் வந்ததும் வெள்ளிக்கிழமைத் தூசியை நிறுத்தினார். ரூமுக்குப் புது ஏசி போட்டாயிற்று, தூசியே வராது, எதற்கு வாரா வாரம் மிஷினை நிறுத்த வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

டேப்பின் தலையைத் திறந்து பார்த்தேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எழுதி முடித்து அடுக்கி வைத்திருந்த டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் படிக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை, குண்டூசி. பிப்ரவரி நடுவிலிருந்து ஒன்றுமே இல்லை. டேப் சுற்றியது, விளக்கு எரிந்தது, ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. பெரியம்மா தவறைச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது போய் விழுகிற பிரிண்டரில் ரிப்பன் காய்ந்து கிடந்தது. தவறு எதுவும் இல்லை என்று நினைத்து, வெறும் தாளைத்தான் நான் வாரா வாரம் கிழித்துப் போட்டிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். சொன்னேன். அவர் முகமும் விழுந்துவிட்டது. "டேப்லயும் ஒண்ணும் இல்ல, மிஷினும் நிக்கப் போகுது. அப்புறம் எதுக்கும்மா இது?" என்று கேட்டுக்கொண்டே ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டு போனார்.

"சார், கைய எடுங்க!"

நான் போட்ட சத்தம் உனக்குக் கீழே கேட்டிருக்கும். மனுஷர் ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "டேப்ல இல்ல சார். தபால்காரன்கிட்ட இருக்கு! பதில் வராததால ஒண்ணக்கூட விடாம வச்சிருக்கான் சார், எல்லாம் மெமரியிலயே இருக்கு. ஆஃப் பண்ணா அவ்வளவும் போச்சு!" அவர் என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெதுவா அடிங்க. தப்பு அடிச்சிடாதீங்க" என்றார்.

பெரியம்மா கடைசி மூச்சில் இருந்தாள். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, அது ஸ்க்ரீனில் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஜிகோர் என்று அடித்து முடிப்பதற்குள் டைரக்டர் இரண்டு டீ குடித்துவிட்டார். எண்டரைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்க்ரீன் அப்படியே நின்றது. போச்சு, உறைந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். டைரக்டர்தான் டிஸ்க் விளக்கைக் காட்டினார். மினுக்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் முழுக்க மினுக்கியது. நாங்கள் இரண்டு பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஸ்க்ரீனில் ஒரு வரி வந்தது: எழுதி முடித்தாயிற்று. அதற்கப்புறம்தான் ஆஃப் செய்து ஆன் செய்தேன்.

'ஆஃப் செய்யாதே' என்று நீ சொன்னதற்கு முந்தின வாரம் ஆஃப் செய்தேனே, அதற்கு அப்புறம் வந்த துடிப்பு அத்தனையும் டிஸ்க்கில் இருந்தது. ஒன்று குறையவில்லை. அதற்கு முன்னால் போனது போனதுதான். அப்போதெல்லாம் நான் ஆஃப் செய்துவிட்டேனே.

இனிமேல்தான் விஷயமே. மறுநாள் டைரக்டர் எல்லாவற்றையும் கிராஃபில் போட்டார். டிக்டிக்கை உனக்குத் தெரியாதா, நேர்கோடு. அளவுகோல் வைத்த மாதிரி. புது ரிப்பன் மாட்டிய பிரிண்டர் அடித்துக்கொண்டே போனது, மார்ச் பாதியில் கோடு சட்டென்று வளைந்து வேறு பக்கம் திரும்பிவிட்டது. டைரக்டர் மிஷின் கடிகாரத்தைச் சரிபார்த்தார். கணக்கை மறுபடி போட்டார். அப்புறம் ஒரு தடவை. நான், "என்ன சார், இதுவும் ரிப்பேரா?" என்றேன். அவர் பேப்பரைக் கீழே விரித்து, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரிப்பேர் இல்லம்மா. அது தாவிடுச்சு."

டிக்டிக் ஓர் ஊர் அகலம்தான் இருக்குமாம், ஆனால் எடை சூரியனைவிட அதிகமாம். அப்படிப்பட்ட பம்பரம், எதற்கும் அசையாதது, உள்ளே ஏதோ ஒன்று புரண்டு, ஒரு நொடியில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டதாம். நாம் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஆனதே இல்லை. அவர் போனில் யார் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். அந்த நாட்களில் டிக்டிக் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லையாம். அது தாவின கணத்தைப் பிடித்தது நம் தபால்காரன் ஒருத்தன்தான். பதில் வராத பையோடு, யாருக்காகவோ காத்துக்கொண்டு.

நினைத்துப் பார், குண்டூசி. அது அங்கே தாவியபோது இங்கே நாம் யாரும் பிறக்கவில்லை. நம் பாட்டன் பூட்டன் யாரும் பிறக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அந்தச் சேதி பல ஆயிரம் வருஷம் இருட்டில் தனியாக நடந்து, சரியாக நம் மலைக்கு வந்து சேர்கிறது. வந்து பார்த்தால் டேப்பில் கரி, பிரிண்டரில் மை இல்லை, டைரக்டரின் கை ஸ்விட்சில். ஒரே ஒருத்தன் மட்டும் அதைக் கீழே விடாமல் வைத்திருக்கிறான். நான் வெளியே போய் ஆன்டெனாவின் அடியில் நின்று மேலே பார்த்தேன். பட்டப்பகல், வெறும் நீலம், ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெரியம்மாவை நிறுத்துவது பற்றிக் கேட்டேன். "நிறுத்தறதா? யார் சொன்னா?" என்கிறார் மனுஷர்! இந்த வெள்ளிக்கிழமை பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு அவரே வந்து துடைக்கப் போகிறாராம். தபால்காரனுக்கு என்ன வழி என்று உன்னைக் கேட்கச் சொன்னார். "அந்த அம்மா ஒரு தடவ மேல வருவாங்களா?" என்றும் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

நோட்டீஸ் போர்டு விஷயம். எனக்கும் நோட்டீஸ் போர்டுதான் சொன்னது. உனக்கு அரை மணி முன்னால் பார்த்தேன். உன்னிடம் ஓடி வந்தேன், நீ ஏற்கனவே ஸ்க்ரூடிரைவரோடு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும், ஊரையே கூட்டும் இந்த வாய் அன்றைக்கு அடைத்துப் போய்விட்டது. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ நம்பவில்லை போலிருக்கிறது. பதவியை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டால், கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் பக்கத்து நாற்காலியை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. பை வைக்கிறேன், குடை வைக்கிறேன்.

டிக்டிக் தாவியதைப் பேப்பரில் புள்ளியாகத்தான் பார்த்தோம். அதன் புது வேகத்தில் துடிப்பதைக் கேட்க இங்கே ஸ்பீக்கர் இல்லை. காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பாய். தெரியாவிட்டால் என்ன, எனக்குக் கேட்க வேண்டும்.

உன்
டமாரம்


ஏப்ரல் 2

அன்புள்ள டமாரத்துக்கு,

முதலில் வேலை. தபால்காரனின் குணத்தை மாற்ற எனக்கு மனமில்லை. அவனுக்குப் பதில் சொல்ல ஆள்தான் வேண்டும். பெரிய ஆன்டெனாவின் புதுக் கம்ப்யூட்டரில் சின்னப் புரோகிராம் ஒன்று போட்டுவிடலாம். அவன் அனுப்புவதை அது வாங்கிப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு, 'கிடைத்தது' என்று சொல்லும். சொன்னதும் அவன் நகலை விட்டுவிடுவான், இடம் திரும்பி வந்துவிடும். பத்து வரிகூட ஆகாது. எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தம்பி மனைவி, "என்னங்க அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாள். ஒரு நட்சத்திரம் தாவிவிட்டது என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதில் வரும்வரை எதையும் தூக்கி எறியாதே என்று ஒரு மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அது காத்திருந்து ஒரு நட்சத்திரத்தையே காப்பாற்றிவிட்டது. உனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயும் நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, தபால்காரனுக்குத் தெரிந்த வார்த்தையையே எழுதுகிறேன்.

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்ததாக நீ எழுதிய கடிதம்: கிடைத்தது. இன்றைக்கு நம்புகிறேன்.

உன் மூத்தவள் பள்ளியில் முதலாவதாக வந்த கடிதம்: கிடைத்தது. எனக்கு அன்றைக்கே சந்தோஷம்.

உன் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்று பயந்து எழுதியது: கிடைத்தது. டிரைவரிடம் ஒவ்வொரு வாரமும் விசாரித்தேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

அம்மா போன கடிதம்: கிடைத்தது, டமாரம். அது வந்த நாளிலிருந்து என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அம்மா என்னை விசாரித்தாள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

இன்று டிரைவர் பதிலுக்காக வாசலில் உட்காரவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டேன். முன் சீட்டில், மடியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வளைவுகளில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

மேலே வந்ததும் டிரைவர் இந்தக் கடிதத்தை மட்டும் உன்னிடம் கொண்டு வந்து கொடுப்பார். நான் கண்ட்ரோல் ரூம் கதவுக்கு வெளியே நிற்பேன். அவசரமில்லை, முழுதும் படி. படித்து முடித்ததும் நாற்காலியிலிருந்து பையை எடுத்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி ஒரே ஒரு வார்த்தை சொல். அதை வாங்காமல் போக மாட்டேன்.

உன்
குண்டூசி